சந்தனம் பூசிய மெமரி கார்டு

ஏங்க,

இன்றைக்கு எங்கள் பிரஸ்ஸில் ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலையைக் குவித்து, ஒரே சாம்பிராணிப் புகை. பைண்டிங்கில் வேலை பார்க்கும் பாண்டியம்மா அக்கா சந்தனக் கிண்ணத்தோடு மேசை மேசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே, நான் டிசைன் போடும் கம்ப்யூட்டருக்கும் வந்தார். ஈரச் சந்தனத்தின் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், "யக்கா, அதுல வைக்காதீக! கையை எடுங்க!" என்று கத்திவிட்டேன். பாவம், அரண்டுபோனார். முதலாளி எட்டிப் பார்த்தார். நல்ல நாளும் அதுவுமாக நாலு பேர் முன்னால் என்னைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டீர்கள்.

புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அழுகை வர வேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கிறது. எனக்கு வருவது கோபம். செத்தவரைப் போய் எப்படித் திட்டுவது என்று வாயை மூடிக்கொண்டு ஒரு வருஷம் இருந்து பார்த்தேன். இனிமேல் ஆகாது. கேட்டுக்கொள்ளுங்கள்.

போன ஆயுத பூஜைக்கு நம் வீட்டு முன்னறையில் நீங்கள் செய்த காரியம் நினைவிருக்கிறதா? வாழை இலை விரித்து, கேமரா, லைட், லென்ஸ், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார வைத்தீர்கள். அதுவரை சரி. கடைசியில் மெமரி கார்டுகளை எடுத்து இலையில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினீர்கள். அதுவும் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தில் இல்லை. திருப்பிப் போட்டு, தங்க நிறத்தில் கோடு கோடாக இருக்குமே, கேமராவுக்குள் போய்ப் பொருந்துகிற இடம், அந்தக் கோடுகளின் மேல். அதற்கு மேல் குங்குமம் வேறு.

"ஏங்க, என்ன பண்றீக? அங்கன போய் வைக்கிறீக!"

"அங்கனதான புள்ள தங்கமா மின்னுது. அதான் அதுக்கு முகம். பொட்டை முகத்துல வைக்காம முதுகுலயா வைப்பாக?"

"அது முகமில்ல, வாயி. வாயில சந்தனத்த அப்புனா அது எப்படிப் பேசும்?"

சிரித்தீர்கள். "ஒனக்கு எல்லாத்துலயும் குத்தம். வருசத்துக்கு ஒரு நா சாமிக்குக் காட்டுறோம், பேசாம இரு."

"சரி, அதுல இருக்குறதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு, ஏத்தியாச்சு."

பொய். சாமி படத்துக்கு முன்னால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, கையில் குங்குமத்தோடு சொன்ன பச்சைப் பொய்.

உங்கள் அவசரம் எனக்குத் தெரியாதது இல்லை. ஆவணிக் கல்யாணங்கள் முடிவதற்குள் பட்டாசு சீசன் வந்து கழுத்தைப் பிடிக்கும். புது அயிட்டம் வானத்தில் எப்படி விரியும் என்று காட்ட, பெட்டியில் அச்சடிக்கும் க்யூ.ஆர். கட்டத்தைப் போனில் ஸ்கேன் பண்ணினால் ஓடுகிற வீடியோ வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் போன் மேல் போன் போடுவார்கள். காலையில் கல்யாண மண்டபம், பொழுது சாய்ந்தால் ஆமத்தூர்ப் பக்கம் பொட்டல்காடு. கார்டு நிறைந்தால் சட்டைப் பையில் போட்டுவிட்டு அடுத்ததைச் சொருகுவீர்கள். எங்கள் பிரஸ்ஸில் ஒரு காலண்டர் டிசைனை வேறொரு இடத்தில் ஏற்றி வைக்காமல் யாரும் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டோம். நம் வீட்டில், ஊரார் கல்யாணமெல்லாம் உங்கள் பையில் பாக்குப் பொட்டலத்தோடு உரசிக்கொண்டு கிடந்தது. சொன்னால், "சீசன் முடியட்டும் புள்ள, பாத்துக்கலாம்."

நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்களே, ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாங்க என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தேனே, அப்போதும் இதே பேச்சுதான். சீசன் முடியட்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் வெள்ளைத் துணியில் சுற்றி உங்களை என்னிடம் கொடுத்தார்கள். ஊரெல்லாம் வெடிச் சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள், போங்கள்.

காரியம் முடிந்ததும் உங்கள் தம்பி வந்து, "மதினி, கேமரா சும்மா கெடந்தா பூஞ்சை பிடிச்சிரும், நான் கொண்டுபோய் ஓட்டுறேன்" என்று கார்டுகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார். எல்லாம் ஏற்றியாச்சு என்று நீங்கள்தான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தீர்களே, நானும் சரி என்றேன்.

சித்திரையில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடித்தது. நமக்குத்தான் இது புதுசா? சத்தம் கேட்டதும் ஆளாளுக்கு வேனையும் பஸ்ஸையும் பிடித்து ஓடுவார்கள், சாயங்காலம் எந்த ஊர், யார் வீடு என்று தெரியவரும். அடுத்த மாதம் ஒரு பெண் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வயிறு கொஞ்சம் மேடிட்டிருந்தது. நீங்கள் கடைசியாக எடுத்த ஆவணிக் கல்யாணத்தின் பொண்ணு, மாரீஸ்வரி. அந்த வெடியில் போனது அவளுடைய அம்மா.

"அக்கா, அண்ணன் எடுத்த என் கல்யாண வீடியோ வேணும். ஒங்க வீட்டுல இப்படி ஆயிப்போச்சேன்னு நாங்க கேக்காமலே இருந்துட்டோம்."

"போட்டோ ஆல்பம் வந்துச்சுல்லம்மா?"

"போட்டோவுல இருக்குக்கா. ஆதார் கார்டுக்கு நிக்கிற மாதிரி வெறப்பா நிக்குது. பேசல. எங்கம்மா பேசுறது எங்கயுமே இல்லக்கா. அதுகிட்ட இருந்தது பட்டன் போனு. கம்பெனிக்குள்ள போனு கொண்டுபோகக் கூடாதுன்னு அதையும் வீட்டுலயே போட்டுட்டுப் போயிரும்."

சொந்தக்காரர்கள் எடுத்த வீடியோவை எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டாளாம். எல்லார் போனும் மேடையைத்தான் பார்த்திருக்கிறது. அந்த அம்மா புருஷன் இல்லாதவர். முகூர்த்த நேரத்தில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று, ஒருத்தரும் சொல்லாமலே சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாராம். "அண்ணன் ஒருத்தருதாங்க்கா மண்டபம் பூரா சுத்திச் சுத்தி எடுத்தாரு. எங்கம்மா எங்கயாவது ஒரு வார்த்த பேசியிருக்கும். வயித்துல இருக்குறதுக்கு, இதாண்டா ஒன் பாட்டின்னு காட்டணும்க்கா" என்றாள்.

கம்ப்யூட்டரைத் திறந்து தேடினேன். மற்ற கல்யாணமெல்லாம் இருந்தது. அவளுடையதில் போட்டோ மட்டும்தான் இருந்தது, வீடியோ இல்லை. ஏத்தியாச்சு என்றீர்களே! அவளை உட்கார வைத்துவிட்டு உங்கள் தம்பிக்குப் போன் போட்டு, ஒரு கல்யாணத்தைக் காணோம், கார்டு எதிலாவது கிடக்கிறதா என்று கேட்டேன்.

"அதுவா மதினி? அந்த ஒரு கார்டு மட்டும் மக்கர் பண்ணுச்சு. சந்தனம் காஞ்சு அப்பியிருந்துச்சா, வேட்டியில தொடச்சுப் போட்டேன். கேமராவுல என்னமோ கேட்டுச்சு, சரின்னு அமுக்கினேன். இப்ப அம்சமா ஓடுது. பாப்பா காதுகுத்துகூட அதுலதான் எடுத்தேன்."

என்னமோ கேட்டதாம்! 'இதைப் படிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா' என்று அது கேட்டது. வாசித்துப் பார்க்காமல் சரி என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் முகம் என்று நினைத்துச் சந்தனம் அப்பினார், தம்பி ஆசீர்வாதம் மாதிரி அமுக்கிவிட்டார். நல்ல வயிற்றில் பிறந்தீர்கள் இரண்டு பேரும். போனிலேயே அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். உங்களுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து அவர்தான் வாங்கிக்கொண்டார்.

கார்டு கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதன் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளி, இனி எதுவும் அதில் ஏறாதபடி செய்தேன். அழித்துவிட்டாலும் உள்ளே இருப்பது உடனே போய்விடாதுங்க. வீட்டுக் கதவில் இருக்கும் நம்பரைக் கழற்றிய மாதிரிதான், ஆள் உள்ளேதான் இருப்பார். மேலே புதிதாக ஒன்றை எழுதினால்தான் போச்சு. இதைக் கல்யாணமான புதிதிலிருந்து உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒரு வீடியோவைக் காணோம் என்றால் கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும், அதிலேயே தொடர்ந்து எடுக்கக் கூடாது என்று. 'பிரஸ்ஸுக்காரி பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டா' என்று கேலி பேசினீர்கள்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கோடுகளின் இடுக்கில் இறுகிப் போயிருந்த சந்தனத்தைத் துடைத்துக் காய வைத்தேன். முதலாளியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸைத் திறந்து உட்கார்ந்தேன். கார்டை அப்படியே முழுசாகப் பிரதி எடுத்துக்கொண்டு, அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். தேடியதெல்லாம் பிரதியில்தான். கார்டையே போட்டு நோண்டினால் உள்ளதும் போய்விடும். மாரீஸ்வரி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது காதுகுத்து. உங்கள் தம்பி மகள் மொட்டைத் தலையில் சந்தனம் தடவிக்கொண்டு வீல் வீலென்று கத்துகிறாள். அதற்கு அடியில் இருந்த மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், தாலி கட்டு எல்லாம் சுத்தமாகப் போயிருந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"தாலி கட்டுனது போனாப் போகுதுக்கா. அதான் நானே அங்கன இருந்தேன்ல. எங்கம்மாவைத் தேடுங்க" என்றாள்.

முதல் பந்திக்குப் பிறகு எடுத்தவை மிஞ்சியிருந்தன, துண்டும் துணுக்குமாக. பாதி திறக்கவே இல்லை. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைத் துணைக்கு வைத்துத்தான் சிலதைச் சரிசெய்ய முடிந்தது. சாப்பாட்டு இலை, ஜிகினாச் சட்டைப் பிள்ளைகள், மொய் எழுதுகிறவர்கள், யார் யாரோ. பொழுது சாயப் போகிற நேரத்தில் ஒன்று ஓடியது. மாரீஸ்வரி என் கையை இறுகப் பிடித்தாள்.

மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள். ஓரத்திலிருந்து அந்த அம்மா ஒரு சொம்போடு மெதுவாக ஏறி வருகிறார். கத்தரிப்பூ நிறத்தில் புதுச் சேலை. மகளிடம் சொம்பை நீட்டப் போகும்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"யம்மா, மறைக்கிறீகல்ல! கொஞ்சம் அங்கிட்டுப் போங்க, அங்கிட்டுப் போங்க!"

நீங்கள்தான்.

அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பி, நேராக உங்களைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "ஆத்தே, நான் பாக்கலையே தம்பி! பிள்ள வெறும் வயித்தோட நிக்குது, ஒரு வாய் தண்ணி குடுப்போம்னு வந்தேன். இந்தா போயிட்டேன், போயிட்டேன்." சொம்பை அப்படியே கொண்டு இறங்கிவிடுகிறார். தண்ணீர் கொடுக்கவே இல்லை. அவ்வளவுதான் வீடியோ.

அடப்பாவி மனுஷா! காலையிலிருந்து ஒளிந்து ஒளிந்து நின்றவர், தண்ணீரைச் சாக்காக வைத்து ஒரே ஒரு தடவை மேடை ஏறியிருக்கிறார். பெற்ற மகள் கல்யாணத்தில் அவரைவிட உங்களுக்கு என்ன பெரிய ஃபிரேம் வேண்டியிருந்தது? அவர் நின்றால் உங்கள் படம் கெட்டா போகும்? போன மாதம் என் தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். வீடியோக்காரப் பையன் கேமராவோடு என் பக்கம் திரும்பியபோது நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன், என்ன சொல்வானோ என்று. உங்களால் எனக்கு வந்த பயம் அது.

அன்றைக்கு மாரீஸ்வரி அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மறுபடியும் போடச் சொன்னாள். மறுபடியும். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவரு பேசுறத வெட்டிட்டு அம்மா பேசுறத மட்டும் தாரேம்மா. அது எதுக்கு ஒனக்கு?" என்றேன்.

"வேணாம்க்கா, வேணாம்! அண்ணன் சொன்னதுக்குத்தான எங்கம்மா சிரிக்குது? அதை வெட்டிட்டா, இது எதுக்கு இப்படிச் சிரிக்குதுன்னு எம்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அப்படியே குடுங்க."

அப்படியே கொடுத்தேன். அவள் போனில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, அவள் வீட்டுக்காரர் போனில் ஒன்று என்று ஏற்றி, மூன்றையும் அவள் கண் முன்னாலேயே ஓடவிட்டுக் காட்டித்தான் அனுப்பினேன். அவள் உங்களை மன்னித்துவிட்டாள். கும்பிட்டுவிட்டுக்கூடப் போனாள். நான் மன்னிக்கவில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எத்தனை கல்யாணம் எடுத்திருப்பீர்கள், ஒன்றில்கூட உங்கள் குரல் கிடையாது. எடிட்டிங்கில் நீங்களே வெட்டி எறிந்துவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவீர்கள். போனில் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியவரும் இல்லை. எது சொன்னாலும் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிடுவதோடு சரி. நான் எங்கே போய் உங்களைக் கேட்பது?

அதனால் எனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போடுவேன். போட்டதுமே கோபம் மண்டைக்கு ஏறும். வாய்விட்டுத் திட்டுவேன். திட்டி முடித்துவிட்டு மறுபடியும் போடுவேன். இத்தனை வருஷம் உங்களோடு குடித்தனம் பண்ணியதில் என் கையில் மிஞ்சியது, நீங்கள் இன்னொருத்தியை அங்கிட்டுப் போகச் சொல்லும் இந்தக் குரல் ஒன்றுதான்.