எழுத்தில்லாத உருண்டைகள்

12.2.1984
உரும்பிராய் செல்வநாயகம் மாஸ்டர் இன்றும் ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். அவருடைய இரசாயனப் புத்தகத்துக்கு மூலக்கூறு மாதிரிகளின் படம்தான் பாக்கி. பிங்பொங் பந்துக்குக் கறுப்பு அடித்தால் காபன், புன்னங்காய்க்கு வெள்ளை அடித்தால் ஐதரசன், இடையில் ஈர்க்கு. நான் எடுத்த படத்தில் கறுப்புப் பந்து பந்தாகவே இல்லை, தாளில் ஓட்டை விழுந்த மாதிரிக் கிடக்கிறது. குருநகர் முழுக்கக் கலியாணப் படம் எடுத்தவனுக்கு ஒரு பந்து மசியவில்லை. சீ!

15.2.1984
வசப்பட்டுவிட்டது! பந்தில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, வெளிச்சத்தை வெள்ளைத் துணிக்குள்ளால் விட்டேன். கையில் எடுக்கலாம் போல உருண்டு திரண்டு நிற்கிறது. வளைந்த ஈர்க்கு அவலட்சணம். சைக்கிள் கம்பியை வெட்டிப் போட்டேன். மீன்பிடிக்கிற தங்கூசியில் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலையும் நெகட்டிவில் சுரண்டி எடுத்தாயிற்று. மெதேன் அந்தரத்தில் மிதக்கிறது. எனக்கே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை.

20.2.1984
மாஸ்டருடன் சண்டை. ஒவ்வொரு பந்திலும் C, H என்று மூலகத்தின் எழுத்து ஒட்டவேண்டுமாம். ஒட்டி ஒரு படம் எடுத்தேன். கடையில் விலை ஒட்டின சாமான் மாதிரி இருந்தது.

“மாஸ்டர், படம் எண்டால் படமாய் இருக்கவேணும். எழுத்தை அச்சிலை கீழை போடுங்கோ.”

“பெடியளுக்கு விளங்காது, சந்தியோகு.”

“விளங்கும்!”

பாவம், சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். எழுத்தில்லாத படங்கள் பன்னிரண்டையும் கொண்டு நாளை றெயிலில் கொழும்புக்குப் போகிறார், அச்சுக்குப் புளொக் செய்விக்க.

25.2.1984
மாஸ்டரைப் பிடித்துவிட்டார்கள். கொழும்பில் பொலிஸ் லொட்ஜைச் சோதித்தபோது பைக்குள் படங்கள் இருந்திருக்கின்றன. குண்டு செய்கிற முறையாம்.

கம்பியும் உருண்டையும் — ஐயோ, நான்தானே அதை இரும்பு மாதிரி மினுக்கினனான்! எழுத்துக் கிடந்திருந்தால் பள்ளிக்கூடம் போன ஒரு ஒபிசருக்கு எண்டாலும் விளங்கியிருக்கும். ஆரடா உன்னட்டை வடிவு கேட்டது?

2.3.1984
குருநகரை ஆமி சுற்றிவளைக்கப் போகிறது என்று பூசையில் கதைத்தார்கள். படம் எடுத்தவனையும் தேடுவார்கள்தானே? வந்த கையோடு பந்துகளை மிதித்து நசுக்கினேன். நெகட்டிவ் முழுவதையும் அடுப்பில் போட்டேன். எழுத்தோடு எடுத்த அந்த ஒன்றையும்.

3.3.1984
ஒருவரும் வரவில்லை.

9.3.1984
மாஸ்டரின் மனைவி நாகேஸ்வரி வந்தா.

“அண்ணை, எழுத்து ஒட்டியும் ஒரு படம் எடுத்தது எண்டு இவர் போக முதல் சொன்னவர். அதைக் காட்டினால் வெளியிலை எடுக்கலாமாம், வழக்குப் பேசுற அப்புக்காத்து சொல்லுறார்.”

“கறையான் அரிச்சுப்போட்டுது, தங்கச்சி.”

“அப்ப திரும்ப எடுக்கேலாதோ? எடுத்தவர் கையெழுத்தும் வைச்சுத் தந்தால் போதுமாம்.”

பார்ப்போம் என்றேன். அந்த மனுசி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனா.

11.3.1984
திரும்பச் செய்ய ஒரு நாள் போதும். பந்து வாங்கலாம், புன்னங்காய் கோயில் வளவில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் கையெழுத்து? எனக்கு நாலு பிள்ளைகள். உள்ளே போனால் ஆர் பார்க்கிறது? — பிள்ளைகளைச் சாட்டாதையடா. உனக்குப் பயம். அவ்வளவுதான்.

30.3.1984
நாகேஸ்வரி மூன்றாம் முறை வந்தா. நான் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு இருட்டறைக்குள் நின்றேன்.

17.12.1985
மாஸ்டர் வந்தார். மறியலில் இருந்து விட்டு ஒரு கிழமையாம். முன்பல் இரண்டும் இல்லை. வலது கை விரல்கள் மடங்கவில்லை. பென்சன் விண்ணப்பத்துக்குப் படம் வேண்டுமென்றார். கதிரையில் இருத்தி, லைட்டைச் சரிபண்ணினேன். முகத்தைப் பார்க்காமல் எப்படி லைட்டைச் சரிபண்ணுவது?

அவராகவே சொன்னார்: “ஆர் எடுத்த படம், ஆர் எடுத்த படமெண்டு ஒவ்வொரு நாளும் கேட்டவங்கள். நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லிப்போட்டன். உம்மடை பேர் எங்கையும் இல்லை. ஒண்டுக்கும் பயப்பிடாதையும்.”

பிறகு, “நேரை பாக்கட்டோ, சந்தியோகு?” என்று கேட்டார்.

கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை வைத்துக்கொண்டு நின்றேன்.