முன்சில்லுக்கு ஒரு தேசிக்காய்

ஒக்டோபர் 8, செவ்வாய்

காலையில் வெயில், பின்னேரம் இடி. வழக்கம்போல. கொழும்பின் காலி வீதியில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து இரத்மலானை விமானத்தளம் போய்ச் சேர எட்டரை.

வேலை: பறப்புக் கிளப்பின் ஒரே பிளேன், முன்கால். என்னைவிட வயதில் மூத்தது. இறங்கி ஓடும்போது முன்சில்லு இடமும் வலமும் உதறுகிறது, சுப்பர்மார்க்கட் தள்ளுவண்டி மாதிரி. உதறலை அடக்கும் டம்பரில் எண்ணெய் இல்லை. புது சீல், புது எண்ணெய்.

கப்டன் தேவன் வந்து குனிந்து பார்த்தார். மாலைதீவு வேலை உறுதியாம். திங்கள் பயணம். "ஞாயிறு காலமை உம்மைத் தனியப் பறக்க விடுறன். அதுக்குள்ள இந்தக் காலைச் சரியாக்கும்."

இத்தனை வருடம் கையெழுத்து வைத்து மற்றவர்களை மேலே அனுப்பினேன். இந்த வருடம்தான் நானும் ஓட்டப் பழகுகிறேன், கப்டனின் ஓய்வு நேரத்தில். அவர் போனால் இன்னொருவர் பொம்பிளை மெக்கானிக்குக்காக மினக்கெடுவார் என்ற நம்பிக்கை இல்லை. தனியாக ஒரு சுற்று. அவ்வளவுதான் வேண்டும். மிகவும் வேண்டும்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. "நீ கீழ நிண்டு செய்யிற வேலைதானே, அது காணும்" என்பவர்.

வாங்க: தேங்காய், சம்பா அரிசி, அம்மாவின் பிரஷர் குளிசை.

ஒக். 10, வியாழன்

கப்டனோடு மூன்று சுற்று. உதறல் குறைவு, முழுக்கப் போகவில்லை. பக்கத்தில் இருந்து ஒரே பாட்டு: "மூக்கைத் தூக்கிப் பிடியும். முன்சில்லு கடைசியா, தானா இறங்கட்டும்." அதை எனக்கே சொல்கிறார். அந்தக் காலின் ஒவ்வொரு ஆணியும் தெரியும். ஆனாலும் இரண்டு தரம் டொக்கென்று வைத்தேன். வெட்கம்.

கிளப் செயலாளர் ஐயா கொட்டாஞ்சேனையிலிருந்து கோல். நாளை ஆயுத பூசையாம், பிளேனைக் கழுவி வைக்கட்டாம். கழுவினேன். குளிசை மறந்துவிட்டேன்.

ஒக். 11, வெள்ளி

பூசை. ஹாங்கருக்குள் பெற்றோல் மணம், ஆகவே கற்பூரம் வெளியில்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். புரொப்பெல்லருக்குச் சந்தனம் பூசியவர் நிஹால் அய்யே, எங்கள் மூத்த டெக்னிஷியன். பௌத்தர், ஆனால் அவர் கைதான் நேர்த்தி. அவல், கடலை, வாழைப்பழம்.

பிறகு திருஷ்டிக்குச் சில்லுக்கொரு தேசிக்காய். பெரிய சில்லுகள் இரண்டும் ஏறி நசித்துவிட்டன. முன்சில்லின் காய் மட்டும் வழுக்கி வழுக்கி ஓடியது. செயலாளர் ஐயாவுக்கு முகம் கறுத்துவிட்டது. நான் வாய் திறக்குமுன் மூன்று பேர் வாலை அமத்தி மூக்கைத் தூக்கினார்கள். தொங்கிய சில்லுக்குக் கீழே காயை வைத்துக் கையை விட்டார்கள். டொக். படம் சரியாக விழவில்லையாம், இன்னொரு தரம். டொக்.

கத்திவிட்டேன். நல்ல நாளில் கத்தியது பிழைதான்.

எல்லோரும் போனபின் சாற்றைத் துடைத்தேன். சாறு பட்ட இடத்தில் பழைய அழுக்குக் கழன்று வந்தது. சில்லை இரு பக்கமும் பிடிக்கும் ஃபோர்க்கில் ஒரு மயிர்க்கோடு. நகத்தில் தட்டுப்படுகிறது. உள்ளே கறுப்பு. இன்றைக்கு வந்தது அல்ல, உதறி உதறிப் பழையது.

வேறொருவரும் பார்க்கவில்லை. வெறும் பெயின்ட் வெடிப்பாகவும் இருக்கலாம். நாளை பறப்பு இல்லை. ஞாயிறு முதல் ஆள் நான். ஒரே ஒரு இறக்கம், மூக்கைத் தூக்கிப் பிடித்தால் போதும், பிறகு எழுதிவிடலாம்.

இப்படி வேறு யாராவது கேட்டிருந்தால் கிழித்திருப்பேன்.

ஒக். 12, சனி

பெயின்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தேன். பிளேன்டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு. பெருவிரல் நீளம். பெயின்ட் இல்லை, உலோகத்திலேயே வெடிப்பு.

பறக்கத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கப்டனுக்குக் கோல்.

"வேற ஃபோர்க் இருக்கே?"

"இல்லை. வெளிநாட்டால இருந்து எடுக்கோணும். கிறிஸ்மஸ் ஆகும்."

"நான் திங்கள் போயிடுவன்."

"தெரியும்."

"நீர் சொல்லாட்டி நான் அதில உம்மை விட்டிருப்பன்," என்றார். வைத்துவிட்டார்.

பாத்ரூமில் நின்று அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து ஃபோர்க்கைக் கழற்றினேன்.

செயலாளர் ஐயா வந்தார். "இதுக்கேன் வெளியால ஓடர்? கிராண்ட்பாஸில எனக்குத் தெரிஞ்ச வெல்டிங்காரன் இருக்கிறார். பஸ்ஸின்ர அடிச் சசியே ஒட்டிக் குடுக்கிறவர். அரை மணித்தியால வேலை."

அவர் டீ குடிக்கப் போன நேரம் நிஹால் அய்யே சிங்களத்தில், மெதுவாக: "பேக்கில போட்டுக்கொண்டு போங்க நங்கி."

அதுவும் சரி. ஒட்டு இறங்கும் அடியைத் தாங்காது; ஹாங்கரில் விட்டால் திங்கட்கிழமை ஒட்டுப்போட்டு வந்து நிற்கும். துவாயில் சுற்றி, மடியில் வைத்து பஸ்ஸில் வெள்ளவத்தை வீட்டுக்கு. பக்கத்தில் இருந்தவர் மீனோ என்று கேட்டார்.

ஒக். 13, ஞாயிறு

ஐந்து மணிக்கே விழிப்பு. வானம் சுத்தம். கடலில் ஒரு சுருக்கம் இல்லை. இந்தக் காலைக்குத்தான் வாரம் முழுக்க ஏங்கினேன். கடுப்பு.

குசினிக்குப் போனால் மேசையில் பேப்பர் விரித்து, வெங்காயத்துக்குப் பக்கத்தில் ஃபோர்க். அம்மா பேக்கைத் திறந்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். பழகியது, கப்டன், இன்று தனியாகப் போக இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இது உடைஞ்சா?"

"மூக்கு நிலத்தில குத்தும்."

"ஆர் இருந்திருப்பினம் அதுக்குள்ள?"

"நான்தான்."

ஏச்சு வரும் என்று நின்றேன். வரவில்லை. இடியப்பம் பிழிந்தார், அவித்தார், தட்டில் போட்டார்.

"புதுசு கிறிஸ்மஸுக்குத்தான் வருமோ?"

"ஓம்."

"அவர் போனா வேற ஆர் உனக்குப் பழக்குவினம்?"

"தெரியாதம்மா."

"கேட்டுப் பார்," என்று சம்பலை என் பக்கம் தள்ளினார்.