பத்திரமாக வைத்த முட்டைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் எந்நேரமும் நினைப்பு. இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவுக்குப் பழக்கம், இந்தத் தடவை அது பொய்யாகிவிடும் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் இருக்கிற மேசைக்குப் பக்கத்திலேயே உன் அம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் காதுபட இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பி வந்து, பக்கத்து வீட்டுத் தையற்காரர் கடையில் துணிகளை ஒதுக்கிவிட்டு அவர் மேசையில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அவர் மிஷின் ஆட்டுகிற ஆட்டம்தான் காரணம், அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது என்று பயந்துவிடாதே.

நீ தபாலில் அனுப்பிய முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னாலும் இதைத்தான் சொல்ல வேண்டும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். கோழிகள் எல்லாம் நோயில் போன பிறகு உன் அம்மா எப்படி ஆகிவிட்டாள் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. கொல்லைக் கதவையே திறக்க மாட்டாள். சாயங்காலமானால் பா பா என்று கூப்பிடுகிற நேரத்துக்கு வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும், அதைப் பார்க்க முடியாமல் நான் தெருப்பக்கம் போய்விடுவேன். சாப்பிடு என்றால் பிறகு என்பாள், தலை வாரிக்கொள் என்றால் யார் பார்க்கப் போகிறார்கள் என்பாள். நீ இங்கிருந்து போனபோது பஸ்ஸில் மடியிலேயே கூடையை வைத்துக்கொண்டு நம் கருங்கால் குஞ்சுகளைக் கொண்டுபோனாயே, அதன் வம்சத்தில் இருந்தே அடை முட்டை அனுப்புகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்குத்தான் எழுந்து குளித்தாள். கூடையைக் கழுவி வெயிலில் காய வைத்து, தையற்காரர் வீட்டு அடைக்கோழியை இரவல் கேட்டு வாங்கி, அதற்கு நம்மிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். எனக்குக்கூட அத்தனை புத்திமதி சொன்னதில்லை.

பாதி ஆயுசைத் தபால் ஆபீசில் பார்சல் பிரிக்கிற அறையில் கழித்தவன் நான். கவனம், உடையும் என்று எழுதியிருக்கிற பெட்டி எங்கள் கையில் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனால்தான் வெளியே ஒன்றும் எழுதாதே என்று உன்னிடம் சொன்னேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழைய ஆபீசுக்குப் போய், மகள் முட்டை அனுப்புகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். டமால் என்று நாங்கள் பேர் வைத்தவனை உனக்கு நினைவிருக்கும், எந்தப் பெட்டியையும் எட்டி நின்றே வீசுகிறவன், உன் கல்யாணத்துக்குக் கண்ணாடிக் கிளாஸ் செட் கொண்டுவந்து கொடுக்கிறபோதே ஒன்றை உடைத்தவன். அவன் கையில்தான் பெட்டி கிடைத்திருக்கிறது. ஐயாவுடைய சாமான் என்று, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, டெலிவரி வண்டியில் போனால் குலுங்கும் என்று அனுப்பாமல், யார் கையும் படாத உயரத்தில் யுபிஎஸ் பெட்டிமேல் தன் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்திருக்கிறான். அந்தப் பெட்டி எந்நேரமும் சூடாகவே இருக்கும். நான் இங்கே தினமும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், முட்டை அங்கே எனக்காகக் காத்திருக்கிறது. பொறுக்க முடியாமல் நானே போய்க் கேட்டபோது அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தான். ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்றதற்கு, ஐயாவைப் போய், வந்து எடுத்துக்குங்கன்னு நான் எப்படிச் சொல்றது, நீங்களா வர்றதுதானே மரியாதை என்றான்.

அடை வைத்துக் கொஞ்ச நாளில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் சிவப்பாய் ஒரு வளையம், ஒரு கறுப்புப் புள்ளி, அதற்குமேல் ஒன்றும் இல்லை. தீவனக் கடைக்காரரிடம் காட்டினேன். அடைக்கு முன்னாலேயே எங்கோ சூடு பட்டு உயிர் பிடித்து, பிறகு சூடு விட்டதும் அப்படியே நின்றுபோயிருக்கிறது என்றார். எனக்கு அந்த யுபிஎஸ் பெட்டிதான் ஞாபகம் வந்தது. உன் அம்மாவிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதே வாரம்தான் உன்னிடம் இருந்த ஒரே சேவலை நாய் கொண்டுபோன செய்தியும் வந்தது. இனி அங்கேயும் வழியில்லை, இங்கேயும் இல்லை, வம்சம் இந்தக் கூடையோடு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பொரிகிற நாளும் வந்து போனது. தபாலில் வந்த களைப்பு இருக்காதா, கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் என்றாள் உன் அம்மா. தையற்காரர் வீட்டுக் கோழியே வெறுத்துப்போய் எழுந்து அதன் வீட்டுக்குப் போய்விட்டது. இவள் என் பழைய கம்பளிச் சட்டையில் முட்டைகளைச் சுற்றிக் கூடைக்குமேல் பல்பைப் போட்டாள். நேற்று ஒரு முட்டை வெடித்து, வீடு முழுக்க நாற்றம். அவள் முகம் சுளிக்காமல் கூடையைத் துடைத்து, மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டு, திரும்பவும் அடுக்கினாள். நான் தாங்க முடியாமல், விட்டுடு, ஒண்ணும் இல்லை என்றேன். தெரியும் என்றாள், அழவில்லை. பல்பைச் சரிபண்ணிக்கொண்டே, நம்ம பொண்ணும் சேவலைப் பறிகொடுத்துட்டு மனசு ஒடிஞ்சு உட்கார்ந்திருக்கா, ஒண்ணு பொரிஞ்சிடுச்சுன்னு எழுதுங்க, போன்ல சொன்னா எனக்குக் குரல் காட்டிக்கொடுத்துடும் என்றாள். அவள் கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. உன்னிடம் பொய் எழுதவும் எனக்கு வரவில்லை. அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

சேவல் போனதற்கு நீ உன்னையே நொந்துகொள்ளாதே. கூட்டுக் கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, ஒரு கல்லும் முட்டுக் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு. லீவு கிடைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வா, இங்கே யாரிடமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நேரே வீட்டுக்கு வந்து சேர். அவள் உன்னைப் பார்த்த பிறகாவது அழட்டும், இப்படி அழாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இருவரும் குறைவில்லாமல் நீண்ட காலம் வாழ எங்கள் ஆசி.

முக்கியமாக ஒன்று. அடுத்த தடவை போன் பண்ணும்போது குஞ்சு எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேள், மறந்துவிடாதே. ஒரே ஒரு குஞ்சு, உடம்பு மஞ்சள், கால் மட்டும் கறுப்பு, இடது இறக்கையில் ஒரு புள்ளி. அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா