உன் நம்பருக்கு வந்த அழைப்பு

இல்லை, என் தங்க ராத்தா, மச்சான் அழவில்லை. கத்தியைத்தான் எடுத்தார்.

இன்று காலை கருவாட்டு வாடிக்கு வந்திறங்கிய திருக்கை முழுவதையும் வெட்டினார். கருவாட்டுக்குக் கீறுவதுபோல அல்ல. கொத்தினார். செட்டை, வால், குடல், எல்லாம் ஒன்றாக. இனி அதைக் காயவைக்க முடியாது. காகங்கள்கூடக் கிட்ட வரவில்லை.

நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஐந்து வருடம். ஒரு வரிகூட நான் உனக்கு எழுதவில்லை. எழுதினால் முதல் வரியிலேயே பொய் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தேன். இப்போது பயப்பட நேரம் இல்லை. நாளைக் காலை ஆஸ்பத்திரியில் மச்சானின் ரிப்போர்ட்டைச் சொல்லப்போகிறார்கள். அவர் வரமாட்டேன் என்கிறார்.

அவருக்கு மூத்திரம் சரியாகப் போவதில்லை. வேலைக்கு நடுவில் பத்துத் தடவை வேலியோரம் போய் நிற்பார். நிற்பார், நிற்பார், வெறும் கையோடு திரும்புவார். உப்புக் காற்றுத்தான் காரணம் என்றார். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நான் இழுத்துப்போனேன். இரத்தம் எடுத்தார்கள். அதில் ஏதோ ஒரு எண் கூடுதல் என்றார்கள். புரொஸ்டேட் சுரப்பியில் கட்டி இருக்கலாம், சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

பின்பக்கத்தால் ஊசி விட்டுப் பன்னிரண்டு இடத்தில் எடுத்தார்கள். நான் வெளியே கதிரையில் இருந்தேன். மூடிய கதவுக்கு உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு வெடிச் சத்தம், பலகையில் ஆணி இறங்குவதுபோல. எண்ணினேன். மச்சானின் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வெளியே வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மச்சான்?"

"நான் குத்தின மீனெல்லாம் ஒண்டாச் சேந்து வந்து குத்தின மாதிரி இரிக்கி."

அதன் பிறகு பதினெட்டு நாள். ஆதரவாக இருங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். என்ன அது, ராத்தா? மூன்று நாள் சிறுநீரில் இரத்தம் போனது. அவர் மறுபடி உள்ளே போகுமுன் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், அவர் பார்க்கக் கூடாது என்று. அவர் பார்த்துவிட்டுத்தான் வருவார், நான் பார்க்கக் கூடாது என்று இரண்டு வாளி ஊற்றிவிட்டு. இருவரும் ஒருவருக்கொருவர் இரத்தத்தை ஒளித்தோம். இது ஆதரவா?

குளியலறைக் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்தார். பின்வளவில் நின்ற முருங்கையை அடியோடு தறித்தார். ஏன் என்று கேட்டேன். "நிக்கிது" என்றார். நான் தேங்காயோடு என் விரலையும் சேர்த்துத் திருவினேன். அதை அப்படியே சம்பலில் போட்டேன். அவர் தின்றார். நல்லாயிருக்கி என்றார்.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கூரைத் தகரம் நாள் முழுக்க அடிக்கிறது. வீட்டில் எதுவும் சும்மா இருப்பதில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு அலுமாரிக்குள் ஒரு ஃபோன் அடித்தது. உன் உடுப்புகளுக்கு அடியில், உன் பழைய பட்டன் ஃபோன். அதை யாரோ எடுத்துப்போய்விட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சார்ஜ் முழுதாக இருந்தது.

ஒரு தாதி. "ஜெமீலா நோனாவா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

செத்துப்போன உன் பெயரை, உயிரோடு இருப்பவளைக் கேட்பதுபோலக் கேட்டாள். நான் "ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? அவள் வைத்துவிட்டால்?

கணவரின் ரிப்போர்ட் வந்திருக்கிறது, நாளைக் காலை அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். ஃபோனில் சொல்ல முடியாது, வந்தால் கதைக்கலாம் என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. நல்ல பழக்கம் உள்ள குரல்.

ஃபோனோடு வாடிக்கு நடந்தேன். மச்சான் திருக்கையின் முன் குந்தியிருந்தார். சொன்னேன்.

"வந்து கதைக்கலாம் எண்டா சொன்னாங்க?"

"ஓம்."

"அவவுக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க."

உன்னைத்தான் சொன்னார். அதன் பிறகுதான் அந்தக் கொத்தல். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் "நான் வரல்ல" என்றார். மூன்று திருக்கை முடியும்வரை காத்திருந்தேன். பிறகு ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது என்ன?"

"ஃபோன்."

"யார்ட ஃபோன்?"

"தெரிஞ்சிக்கிட்டே கேக்கிறாய்."

"என்ட நம்பர் எங்க போச்சு?"

"பாடமில்ல."

"சரி. பேர்? அஞ்செழுத்துப் பேர், அதுவுமா பாடமில்ல?"

கத்தியைக் கீழே வைத்தார். "அந்தக் கவுண்டர்ல போய் நிண்டா வாயில அதுதான் வருகிது, ஃபர்ஸானா. அவவுக்கு மருந்தெடுத்த ஒண்டர வருஷமும் சொன்னது. மனிசிட பேர் என்ன எண்டு கேட்டாள். நான் யோசிக்கல்ல."

யோசிக்கவில்லை. அது உண்மை. யோசித்துச் சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்காது. உன் ஃபோனை மீன் வெட்டும் கட்டையில் வைத்து, அதே கத்தியின் முதுகால் அடித்தேன். ஏழு தடவை, எட்டுத் தடவை. சிம்மும் இரண்டாகப் போனது. ஐந்து வருடம் அவர் வெட்டவிடாமல் காசு போட்டு வைத்திருந்த லைன்.

மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் அவர் கையைக் கடித்தேன். மன்னித்துக்கொள், ராத்தா, பல் இறங்கும்வரை கடித்தேன். உப்பு, மீன், அவர் இரத்தம். அவர் விடவில்லை. மற்றக் கையால் அவர் நெஞ்சில் குத்தினேன். இருவரும் சறுக்கி, கொத்திப்போட்ட திருக்கையின் மேல் விழுந்தோம்.

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "கெம்பஸ் போய்ப் படிச்சவ. சந்தியில நிக்கிற கழுத மாதிரிக் கடிக்கிறா."

"கழுதக் கடிக்கி ஊசி போடணும். ஆஸ்பத்திரிக்கித்தான் போகணும்."

"தெரியும் ஒன்ட புத்தி."

சிரித்தோம் என்றுதான் நினைக்கிறேன். அவர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிறகு தலையை முழங்காலில் வைத்துக்கொண்டு, எனக்கு அல்ல, மணலுக்குச் சொன்னார்.

"டியூப் போடுவாங்க. மூத்திரம் தன்ட பாட்டில போகும். நான் ஆம்பிளயா இரிக்க மாட்டன். ஒனக்கி முப்பத்திநாலு வயசு. வேணுமெண்டா ஒன்ன விட்டுத்தாறன், வேற ஒரு கலியாணம் முடிச்சிக்க."

அறைந்தேன். மீன் இரத்தக் கையால், கன்னத்தில். முதல் தடவை. அவர் அதிர்ந்துபோனார். நானும்தான். இத்தனை நாளும் இந்த வீட்டில் எல்லாவற்றையும் உடைத்தோம், ஒருவரையொருவர் தொடாமல் இருந்தோம். அவர் கன்னம் என் கையில் சூடாக இருந்தது.

முதல் வரியிலேயே பொய் வரும் என்றேனே. இதுதான் அது.

உம்மா பேசி முடித்த கலியாணம் என்று ஊர் சொல்கிறது. மூத்தவளின் இடத்தில் இளையவள், வழக்கம்தானே என்று. இல்லை. கேட்டது நான். உம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

அதற்கும் முன்பே. உனக்கு மருந்து ஏற்றிய நாட்களில் லீவு போட்டு வந்திருந்தேன், நினைவிருக்கிறதா? ஒரு நாள் நீ சத்தி எடுத்தாய். கோப்பை எட்டவில்லை. மச்சான் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். முகம் சுளிக்காமல் எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு, கழுவிக்கொண்டு வந்து உன் வாயைத் துடைத்தார். நான் கதவடியில் நின்றேன். அந்தக் கைகள் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். நீ உயிரோடு இருந்தாய். என்னைப் பார்த்து, தண்ணி தா என்று கேட்டாய்.

ராத்தா இருக்கத் தங்கச்சி ஆகாது. மார்க்கத்தில் விலக்கியதை நான் மனதில் செய்தேன். உனக்கு மச்சான், எனக்கும் மச்சான். அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே சொல். நான் மாறியதை யாரும் என் வாயிலிருந்து கண்டுபிடிக்கவில்லை. நீ கண்டுபிடித்தாயா? உன் பெயர் அவர் வாயில் இருப்பது அதற்குத் தண்டனையா? இருக்கட்டும். இருக்கலாம்.

இதை அவரிடமும் சொன்னேன், அந்தக் குடலுக்கு நடுவில் இருந்துகொண்டு. டியூப்பைப் பற்றி என்னோடு கதைக்க வேண்டாம், நான் உங்கள் கைகளைத்தான் கேட்டு வந்தவள் என்று. வெகு நேரம் கடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவவுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியா."

"சொல்லிப்போடு" என்றார். குளிக்கப் போனார். நாளைக்கு வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

ஆகவே சொல்லிவிட்டேன், ராத்தா. நீ என்னைச் சபிக்கலாம். கபுறிலிருந்து எழும்பி வந்து என் முடியைப் பிடிக்கலாம், சின்ன வயதில் பிடித்தாயே. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். நாளை அவர்கள் என்ன சொன்னாலும் மச்சானை நான் இலேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவரைக் கழுவுவேன், தூக்குவேன், வேண்டுமென்றால் இன்னொரு தடவை அறைவேன். அல்லாஹ் எடுத்தால் எடுக்கட்டும். உனக்காக எடுத்தான் என்று மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உன் தங்கச்சியும் சக்களத்தியுமான
ஃபர்ஸானா

மறுநாள் காலை ஆறு மணிக்கு மச்சானின் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்து ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏற்றினேன். யன்னலோரம் இருத்தினேன். இரண்டு டிக்கட் எடுத்தேன்.