அம்மா வந்த வீடும் கப்பலும்

26.10.2009, திருத்தங்கல்
தீபாவளி சீசன் முடிந்து எங்கள் பிரஸ் ஓய்ந்திருக்கிறது. கலியாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் நாலு நாள் என்னோடு மட்டும் இருக்கப்போகிறார். நாங்கள் பேப்பர் வாங்கும் கம்பெனி பரிசாக எங்களைச் சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் ஏற்றிவிடுகிறதாம். நடுக்கடலில் யாரும் மெஷின் நின்றுபோச்சு என்று கூப்பிட முடியாது!

சாயங்காலம் மகள் ஐஸ்வர்யா கழுத்தில் முத்து. பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் அக்கா வாசலில் வேப்பிலை செருகினார்கள். “அம்மா வந்திருக்கா. நோயின்னு வாயில சொல்லிராதீக.” அவர் மெஷின் கழுவணும் என்று பிரஸ்ஸிலேயே படுத்துக்கொண்டார்.

5.11
ஐஸ்வர்யாவுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியாச்சு. வேப்பிலையை எடுத்தாச்சு. இனி வெளியூர் போகலாம். அப்பாடா.

6.11
மதுரை டிராவல் ஏஜெண்ட் போன். பன்றிக் காய்ச்சலால் கப்பலில் கெடுபிடியாம். “வீட்ல யாருக்காச்சும் நோய் நொடி இருந்துச்சாங்க?”

“இல்லை” என்றேன். பொய்யா அது? நோய் என்று இந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லையே.

10.11, சிங்கப்பூர்
துறைமுகத்தில் ஒரு தமிழ் நர்ஸ். காய்ச்சல்? இல்லை. இருமல்? இல்லை. “வீட்டில் யாருக்காவது அம்மை?”

வந்தவளை வரவில்லை என்று எப்படிச் சொல்ல? “வந்தா. தண்ணி ஊத்தி அனுப்பிட்டோம்” என்றேன்.

சின்ன வயதில் அவருக்கு வந்திருக்கிறது, எனக்கு வந்ததில்லை. ஆகவே அவர் ஏறலாம், நான் ஏறக்கூடாது. இனிமேல்கூட எனக்கு வரலாமாம். மூன்று தண்ணீருக்கு அப்புறமுமா?

“ஒரு வார்த்தை இல்லைன்னு சொன்னா என்ன?” என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் அவரும் ஏறவில்லை. என்மேல் கோபமா, இரக்கமா? கேட்கப் பயமாக இருக்கிறது.

13.11, திருத்தங்கல்
காலையில் என் நெற்றியில் முத்து.

அவரே வேப்பங்கொத்து ஒடித்துவந்து வாசலில் செருகினார். “நாம ஏறியிருந்தா கப்பல்ல அம்புட்டுப் பேருக்கும்ல போயிருக்கும்” என்றார்.

மெஷின்மேன் முனியராஜ், மெஷின் நின்றுபோச்சு என்று போன் பண்ணினான். “மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் நான் வீட்டை விட்டு வர மாட்டேம்லே. நீயே பாத்துக்கோ” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

உடம்பெல்லாம் எரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வீசிக்கொண்டிருக்கிறார். சந்தோஷமாக இருக்கிறது எனக்கு. இருக்கலாமா?