இருட்டில் எண்ணிய தலைகள்

என் அன்பு ரஞ்சி அக்காவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் சைரன் உண்டா? இங்கே பாரிஸில் மாதத்தின் முதல் புதன்கிழமை, நடுப்பகலில் ஊதுவார்கள். சும்மா சோதனைக்குத்தான். நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, முருங்கைக்காய்க்கு விலை பேசிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு மட்டும் கால் தானாகவே படியிறங்கிவிடும். நல்லகாலம், நான் வேலை செய்யும் கடைக்கு நிலவறை இருக்கிறது. அரிசி மூட்டை பார்க்கப் போனதாகச் சொல்லிச் சமாளிப்பேன்.

யாழ்ப்பாணம் முற்றுகைக்குள் கிடந்த அந்த மாதங்கள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட வளவில் பதுங்குகுழி. காயப்பட்டவர்களைத் தூக்குவதும் கஞ்சி காய்ச்சுவதும் நம் இருவரின் வேலை. விமானச் சத்தம் கேட்டதும் எல்லோரையும் உள்ளே இறக்கிவிட்டு, இருட்டில் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவீர்கள். சனங்களும் பழகிப்போய், கை வரும்போது தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுப்பார்கள்.

ஒவ்வொரு முறையும் இறக்கியவர்களைவிட ஒரு தலை கூடுதலாக வரும். நானும் எண்ணிப் பார்த்தேன், எனக்கும் அப்படியே வந்தது. "ஒராள் கூடுது. இருக்கட்டும், கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்பீர்கள், வந்த விருந்தாளிக்கு இடம் விடச் சொல்வது போல. நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன்.

கடைசி நாள் கணக்குச் சரியாக வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. நீங்களோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஒராள் வெளியிலை நிக்குது."

"இல்லை அக்கா, எல்லாரும் இருக்கினம். கணக்குச் சரி."

"சரியா வந்தாத்தானடி பிழை."

ஏறிப் போனீர்கள். பிறகு வாசலடியில் செல் விழுந்து வெடித்தது.

யாரைத் தேடிப் போனீர்கள், அக்கா? இல்லாத ஒருவருக்காகவா செத்துப் போனீர்கள்? இத்தனை வருடமாக இந்தக் கேள்விதான் என்னைத் தின்கிறது. சில நேரம் உங்கள்மேல் பொல்லாத கோபம் வரும்.

போன புதன்கிழமை சைரன் ஊதியதும் வழக்கம்போல இறங்கினேன். முதலாளி அண்ணையும் வேலை செய்கிற இரண்டு பேரும் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பியூஸ் போய் ஒரே இருட்டு. என் கை தானாக நீண்டது. முதல் தலை துள்ளி விலகியது. இரண்டாவது தலை, கூட வேலை செய்கிற மலர், "என்னக்கா, பேன் பாக்கிறியளோ?" என்று சிரித்தாள். முதலாளி அண்ணை "விசரே உனக்கு?" என்று கையைத் தட்டிவிட்டார். நான்காவதாக ஒரு தலை. என் கைக்குக் குனிந்து கொடுத்தது.

நான் கத்தவில்லை. "கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்றேன்.

வெளிச்சம் வந்தபோது அந்த மூன்று பேர்தான் நின்றார்கள். "ஆருக்கக்கா சொன்னனீங்கள்?" என்று கேட்ட மலரின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

அது நீங்களா, அக்கா? அல்லது நீங்கள் தேடிப் போனவரா? யாராக இருந்தாலும், அப்படி ஒருவர் இருக்கிறார். நீங்கள் வீணாகப் போகவில்லை. அன்று வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

இனி ஒவ்வொரு முறையும் இறங்குவேன், எண்ணுவேன், இடம் விடுவேன். என்றைக்காவது கணக்குச் சரியாக வந்தால், படியேறி வெளியே வந்து உங்களைத் தேடுவேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
சுபா