எண்பத்தேழாம் இடத்துக்காரி

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். பலாபத்வலையில பஸ் ஏறினதுல இருந்து மாத்தளை வரைக்கும் நின்னுக்கிட்டே. பார்மசியில இன்சுலின் வந்து சேரல. மூணு பேர் திட்டிட்டுப் போனாங்க.

மத்தியானம் ரிஸ்னா போனைக் கொண்டாந்து நீட்டினா. என்கூட கவுண்டர்ல நிக்கிற பிள்ளை. நோன்பு மாசம்ங்கிறதால சாப்பாட்டு நேரத்துல அவளுக்குப் போன்தான்.

"அக்கா, இது உங்க கசெட்தானே? பாடியிருக்கேன்னு சொல்லுவீங்களே?"

'மலையகத் தமிழர் கட்டாயம் கேட்டிருக்க வேண்டிய நூறு இசை அல்பங்கள்.' தொகுத்தவர் மோகன்ராஜ், இசை விமர்சகர், கொழும்பு. விரலால தள்ளித் தள்ளிக் கீழே போனேன்.

87. ஏழாம் நம்பர் மலை. ஆக்கம், இசை: மோகன்ராஜ். பாடகி: பெயர் கிடைக்கவில்லை.

ரெண்டு தரம் வாசிச்சேன். அப்புறம் வந்த அம்மா இருமல் மருந்து கேட்க சத்து மருந்தை எடுத்து நீட்டினேன். ரிஸ்னா பார்த்து மாத்தினா.

பெயர் கிடைக்கவில்லையாம்.

மார்ச் 5, புதன்

எழுதி வைக்கிறேன். இல்லாட்டி தலை வெடிச்சிரும்.

இருபத்தேழு வருஷம் முந்தி. இரத்தோட்டையில சர்ச் ஹோல், ஜன்னல் எல்லாத்துக்கும் கம்பளியைத் தொங்கவிட்டு ரெண்டு நாள் ரெக்கோர்டிங். எட்டுப் பாட்டு. எட்டும் நான் ஏழாம் நம்பர் தேயிலை மலையில இடுப்புல சாக்கோட கொழுந்து எடுத்துக்கிட்டே கட்டினது. வார்த்தையும் நான், மெட்டும் நான், பாடினதும் நான். மோகன் கீபோர்ட் வாசிச்சான். நல்லாத்தான் வாசிச்சான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். முதல் அட்டையில 'பாடல், குரல்: ஆர். புஷ்பராணி'ன்னு இருந்துச்சு. கசெட்டைக் கொழும்புக்குக் கொண்டுபோய் மறுபடி வெளியிட்டான். அந்த அட்டையில நான் இல்லை. அப்பா அப்போ ஆஸ்பத்திரியில. போய்க் கேட்க ஆள் இல்லை, தெம்பும் இல்லை. அப்புறம் கல்யாணம், பார்மசி, அவ்வளவுதான்.

ரெக்கோர்டிங்குக்கு முந்தி நாலு மாசம் சனிக்கிழமை சனிக்கிழமை எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்கு வருவான். எங்க அம்மா கையால ரொட்டியும் சம்பலும் தின்னவன். வாசல்ல நின்னு "புஷ்பா, புஷ்பா"ன்னு கத்துவான். அவனுக்கு என் பேர் கிடைக்கலையாம்.

என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்.
"கடிதம் ஒண்ணு போடு. திருத்திடுவாங்க."
"போட்டா எண்பத்தாறுக்கு ஏத்துவான்."
சிரிச்சாரு. நான் சிரிக்கல.

அவனுக்கு நான் விடுற சாபம்: நாயிற்றுக்கிழமை பல்வலி. மேடையில மைக் கீச்சுன்னு கத்தணும். ஆளுங்க எல்லாரும் அவனை மோகனசுந்தரம்னு கூப்பிடணும், காலம் பூரா.

மார்ச் 7, வெள்ளி

பின்னேரம் இடி மட்டும். மழை இல்லை. பஸ்ஸுல உட்கார இடம் கிடைச்சுது, லிஸ்ட் முழுக்க வாசிச்சேன்.

கோயில் நாதஸ்வரம் 22. கல்யாண வீட்டு பைலா ஆட்டப்பாட்டு 23. எந்தத் தராசுல நிறுத்தான்? 41க்கும் 42க்கும் என்ன வித்தியாசம்னு அவனை எழுப்பிக் கேட்டா சொல்லுவானா? அவனோட சொந்த அல்பம் 4. அதைப் பத்தி 'இக்கலைஞரின் அடக்கம் வியக்கத்தக்கது'ன்னு அவனே எழுதியிருக்கான். முதலாவது இடத்துல இருக்கிறவர், இந்த லிஸ்ட் புத்தகமா வர்றதுக்கு முன்னுரை எழுதுறவர்.

கட்டாயம் கேட்கணுமாம். இது என்ன தடுப்பூசியா? எங்க கடையில ஆயிரம் மருந்து இருக்கு, பனடோலுக்கு மேல எது, கீழ எதுன்னு யாரும் நம்பர் போடல. தேவைப்பட்டவங்க தேவைப்பட்டதை வாங்கிட்டுப் போறாங்க.

ஆனா 87ங்கிறது உறுத்துது. அதையும் மறைக்காம எழுதணும்.

மார்ச் 10, திங்கள்

லிஸ்ட் கடைசியில ஒரு அறிவிப்பு இருந்துச்சு: 'விடுபட்ட அல்பங்கள் இருப்பின் வாசகர்கள் அறியத்தரவும்.'

அறியத் தந்தேன்.

'கராம்பு மழை.' பாடியவர் பல்லேபொல பத்மநாதன். கராம்பு காயப்போடுற பரண்ல பதிவு செஞ்சது. இருநூறு பிரதி, பாதிக்கு மேல வெள்ளத்துல போச்சு. அனுப்பினவர்: ஓய்வுபெற்ற தபாலதிபர். எல்லாம் என் கற்பனை. அப்படி ஒரு மனுசனும் இல்லை, மழையும் இல்லை.

ரிஸ்னா பக்கத்துல நின்னு பார்த்தா.
"நோன்பு வச்சுக்கிட்டு நான் பொய் எழுத மாட்டேன் அக்கா."
"நீ எழுத வேணாம்."
குனிஞ்சு வாசிச்சுட்டு, "பரணுக்கு மூணு சுழி ண அக்கா."

அனுப்பியாச்சு.

மார்ச் 13, வியாழன். பௌர்ணமி போயா

கடை லீவு. துணி துவைச்சேன். அரிசி இடிச்சேன். பதினொரு மணி போல ரிஸ்னா போன் பண்ணினா, பேச முடியாம சிரிக்கிறா.

"ஒன்பது அக்கா! ஒன்பதாவது இடம்!"

திருத்திய பட்டியல். 9. கராம்பு மழை. 'சிறுவயதில் இதைக் கேட்டு உறக்கமிழந்தவர்களில் நானும் ஒருவன். மூன்றாவது பாடலில் வரும் வயலின் இன்றும் காதில் ஒலிக்கிறது.'

நான் வயலினே எழுதல.

துணிக்கல்லு மேல உட்கார்ந்து சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. இல்லாத ஆளுக்குப் பேர் இருக்கு, ஊர் இருக்கு, ஒன்பதாவது இடம் இருக்கு. இருக்கிற எனக்கு?

மார்ச் 18, செவ்வாய்

இன்சுலின் வந்துட்டுது.

டவுன்ல நோட்டீஸ். அந்த நூறு அல்பம் புத்தகம் ரெடியாம். வெளியீடு மாத்தளையில, வர்ற நாயிறு காலை பத்து மணி. 'அனைவரும் வருக.' வர்றேன்.

வீட்டுக்காரர்: "சபையில வச்சு அசிங்கப்படுத்தப் போறியா?"
"ஆமா."
"திரும்பி உன்னை ஏதும் சொன்னான்னா?"
"சொல்லட்டும். பேர் சொல்லித்தானே சொல்லணும்."
அப்புறம் என் பச்சை சேலையை எடுத்து அவரே அயர்ன் பண்ணி வச்சாரு.

மார்ச் 23, நாயிறு

வெயில். எழுதி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

ஹோல்ல நூறு பேர் இருக்கும். நான் அஞ்சாவது வரிசை, பக்கத்துல வீட்டுக்காரர், அந்தப் பக்கம் ரிஸ்னா. மோகன் தலைக்குச் சாயம் பூசியிருக்கான். கழுத்துல சால்வை. முன்னுரைக்காரர் முக்கால் மணி பேசினாரு. அப்புறம் மோகன் முதல் பத்தை வாசிச்சான். ஒன்பதுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கிட்டான்.

"கராம்பு மழை. சில இசை நம் ரத்தத்தில் ஊறியது."

முன் வரிசையில ஒரு பெரியவர் தலையாட்டினாரு. "ஆமா ஆமா. நல்ல கசெட்." ரிஸ்னா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

கேள்வி நேரம். எழுந்தேன்.

"கராம்பு மழையில ஒரு வரி பாடிக் காட்டுங்க சார். எங்களுக்குக் கேட்கக் கிடைக்கல."

என்னை அவனுக்கு அடையாளம் தெரியல.

"தொண்டை சரியில்லம்மா."
"ஒரு வரி போதும் சார்."

யாரோ கை தட்டினாங்க. அப்புறம் எல்லாரும். தப்பிக்க வழியில்லை அவனுக்கு. "வார்த்தை நினைவில்லை, மெட்டு மட்டும்"னு சொல்லிட்டு மைக்கைப் பிடிச்சு முனகத் தொடங்கினான்.

மூணாவது சுரத்துலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

என் மெட்டு. ஏழாம் நம்பர் மலையில ரெண்டாவது பாட்டு. அவசரத்துல வாயில வந்தது அதுதான். ஒரு வளைவு கூடத் தப்பாம, நான் மூச்சு விடுற இடத்துல மூச்சு விட்டு முனகுறான். இருபத்தேழு வருஷமா வாய்க்குள்ளேயே வச்சிருந்திருக்கான். பேரை மட்டும் துப்பிட்டான்.

அவன் அடுத்த வரிக்குப் போக முந்தி நான் நின்ன இடத்துல இருந்தே பாடினேன்.

'மேட்டு மேல ஏறி நிக்கிற மத்தியான வெயிலே,
இடுப்புச் சாக்கு காயும் மட்டும் இறங்காம நில்லேன்.'

குரல் கரகரன்னு. மேல போக வேண்டிய இடத்துல போகல. இருந்தாலும் பாடினேன். எனக்கு முன்னால இருந்த ஒரு பொம்பளை திரும்பி, "இது எங்க கல்யாண வீட்டுல போட்ட பாட்டாச்சே!"ன்னா. அவளும் சேர்ந்து பாடினா. பின்னால இன்னும் ரெண்டு குரல்.

மோகன் முனகலை நிறுத்திட்டான். வாய் மட்டும் திறந்தபடி.

சொன்னேன்: "இது ஒன்பதாம் நம்பர் இல்லை சார். எண்பத்தேழு. கராம்பு மழைன்னு ஒரு அல்பமே கிடையாது. பத்மநாதனும் கிடையாது. நான்தான் எழுதி அனுப்பினேன். நீங்க அதுல வயலினும் கேட்டிருக்கீங்க."

யாரோ சத்தமாச் சிரிச்சாங்க. தலையாட்டின பெரியவர் செருப்பைத் தேட ஆரம்பிச்சாரு.

அவன் என்னையே பார்த்தான். மைக் இன்னும் வாய்க்கு நேரா இருக்கிறது மறந்துபோச்சு.

"புஷ்பா...?"

ஹோல் முழுக்கக் கேட்டுச்சு.

"இப்போ கிடைச்சிருச்சா பேர்?"ன்னு கேட்டேன்.

மார்ச் 24, திங்கள்

கடையில கூட்டம். பாதிப்பேருக்கு மருந்து வேணாம், என்னைப் பார்க்கணும். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுத்துதாம். ஒரு ஐயா பிரஷர் மாத்திரை வாங்க வந்து, "நீங்கதானா அது?"ன்னு கேட்டுட்டு மாத்திரையை விட்டுட்டுப் போயிட்டாரு. பின்னால ஓடிப் போய்க் கொடுத்தேன்.

மோகன் காலையில போன் பண்ணினான். நம்பரை எங்க பிடிச்சானோ.
"அச்சுப் பிழை புஷ்பா. வேணும்னு செய்யல."
"என் பேர்ல எந்த எழுத்துப் பிழையாச்சு?"
"நான் அந்தப் பாட்டை மறந்ததே இல்லை"ன்னான். குரல் உடைஞ்ச மாதிரி. நடிப்பான்னு தெரியல.
"தெரியும். கேட்டேனே"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

மன்னிக்கல. எழுதி வைக்கிறேன், பின்னால மனசு மாறிடக் கூடாது. நல்லாப் பசிச்சுது. ரெண்டு தரம் சோறு போட்டுத் தின்னேன்.

மார்ச் 26, புதன்

மழை ஒரு வழியா. குடை கடையிலேயே கிடந்துச்சு, நனைஞ்சுக்கிட்டே வந்தேன்.

ரெண்டாவது தடவையா திருத்திய பட்டியல் வந்திருக்கு. கராம்பு மழை இல்லை. அந்த இடத்துல:

9. ஏழாம் நம்பர் மலை. பாடல், மெட்டு, குரல்: ஆர். புஷ்பராணி. கீபோர்ட்: மோகன்ராஜ்.

ரிஸ்னா குதிச்சா. "நூறுல ஒன்பது அக்கா!"
"இந்த நம்பர் எல்லாம் குப்பை ரிஸ்னா. அன்னைக்கே சொன்னேன்ல."
"சொன்னீங்க."

அவ தொழப் போயிட்டா. கடையில யாரும் இல்லை. போன் கவுண்டர் மேலேயே இருந்துச்சு. கொஞ்சம் மேல தள்ளி எட்டாவது இடத்துல யாருன்னு பார்த்தேன்.

அந்தாளா? அவருக்குத் தாளமே நிக்காதே.